தரை காய ஏழு நாள்

சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவனின் வேலையை ஊர் அண்ணாந்து பார்க்கும். தரைக்கு அடிப்பவனின் வேலையை, அவன் டப்பாவை மூடுவதற்குள் மிதித்துப் பார்க்கும். சிமெண்டுத் தரைக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்தவர்களுக்கும், அடிக்கச் சொல்லிவிட்டு அவதிப்பட்டவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே வழக்கில் சிக்கியவர்கள்.

திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரான அதே 1989இல் நான் வேலையில்லாதவன் ஆனேன். மணிலா என்கிற நிலக்கடலைக்கான எண்ணெய் மில்லில் சங்கம் வைத்தோம், வேலைநிறுத்தம் செய்தோம். முடிவில் மற்றவர்களை உள்ளே எடுத்துக்கொண்டு என்னை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை சுவரில் முழக்கம் எழுதுவது. அதற்குக் கூலி கிடையாது, கேஸ்தான் கிடைக்கும். பிரஷ் பிடிக்கத் தெரியும் என்பதால் பெயிண்டர் ஆனேன். சுவர் வேலைக்கு ஊரில் ஆள் ஜாஸ்தி. தரை வேலைக்கு யாரும் குனியத் தயாராக இல்லை. நானும் யாருக்கும் குனிந்தவன் இல்லை என்றாலும், தரைக்குக் குனிவதில் அவமானம் இல்லை என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு முடிந்தது. மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன். அதனால் பெயிண்ட் டப்பாவோடு வரும் காகிதத்தையும் பிரசுரம் படிப்பதுபோலவே கடைசி வரி வரைக்கும் படித்தேன். பல மொழிகளுக்கு நடுவே தமிழும் பொடி எழுத்தில் இருந்தது. ஊரில் அதைப் படித்த ஒரே பெயிண்டர் நான்தான் என்று இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன். புதுத் தரை என்றால் நன்றாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும். பழைய தரை என்றால் பிசுக்கு போக ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். ஈரம் சுத்தமாகப் போக வேண்டும். கெட்டியாக ஒரு கோட் அடிக்காமல் மெல்லிசாக இரண்டு கோட் அடிக்க வேண்டும். அதன் பிறகு ஏழு நாள் தரையின் மேல் தண்ணீரும் பாரமும் படக்கூடாது. இதில் கடைசியைத் தவிர எல்லாவற்றையும் நான் செய்துவிடுவேன். கடைசியை ஊர்தான் செய்ய வேண்டும். உழைப்பாளிக்கு ஓய்வு கேட்டு எத்தனையோ கூட்டத்தில் பேசியவன் நான். ஒரே ஒரு தரைக்காவது அந்த ஏழு நாளை முழுசாக வாங்கிக் கொடுக்காமல் பிரஷ்ஷைக் கீழே வைப்பதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். அந்த வைராக்கியம் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

வாடகைப் பசு

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி ஒருவர் புது வீடு கட்டினார். மொசைக் போடக் கையில் காசு இல்லை. சிமெண்டுத் தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது கோட் முடித்த மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னேன். ஜோசியர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். பசுவை ஓட்டிவருவதையாவது விட்டுவிடலாமே என்றேன். பசு இல்லாமல் கிரகப்பிரவேசமா என்று சிரித்துவிட்டு, முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போய்விடும், ஒரு நிமிஷ வேலை என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

அது வாடகைப் பசு. நல்ல முகூர்த்த நாளில் அதற்கு மூன்று நான்கு வீடுகள் இருக்கும். பழகிய மாடு என்பதால் வாசலில் தயங்காமல் கன்றோடு உள்ளே வந்தது. நடு ஹாலுக்கு வந்ததும், தரை தன் காலைப் பிடித்து இழுப்பது தெரிந்து அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்னாலிருந்து வாழைப்பழம் காட்டினார்கள். அது ஒவ்வொரு காலாகத் தூக்கும்போது கோணி கிழிவதுபோலச் சத்தம் கேட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் வேட்டியை மட்டும் தூக்கிக்கொண்டார்.

ஹாலிலிருந்து அடுப்படி வரைக்கும் குளம்புத் தடம் பதிந்தது. நான் தலையில் கை வைத்தேன். வீட்டுக்கார அம்மாவோ மகாலட்சுமி வந்து போனதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது என்று தடத்துக்குக் குங்குமம் வைத்தார். திரும்ப அடித்து மறைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்கு என் வேலையைக் குறை சொன்னவர் மாட்டுக்காரர் ஒருவர்தான். பச்சைக் குளம்புகளோடு நின்ற மாட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்: "இன்னா மேஸ்திரி பண்ணி வச்சிருக்கீங்க. அடுத்தது சோமாசிபாடியில, வெள்ளைத் தரை வீடு. இந்தக் காலோட போனா, இது வேற வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாடுன்னு தெரிஞ்சுடாதா?"

ஒட்டிக்கொண்ட பாய்

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ். மாதம் முழுக்கச் சும்மா கிடக்கும் அதன் வராந்தாவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்ற ஞானம் முதலாளிக்குப் பௌர்ணமிக்கு முந்தின வாரத்தில்தான் வந்தது. முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும் என்றார். மலை சுற்றி வருகிறவர்கள் குழாயில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு வருவார்கள், மின்னுகிற தரை வழுக்கும், சலித்த பொடி மணலை முதல் கோட்டின் மேல் தூவி அடித்தால் கால் நிற்கும் என்றேன். வழியெல்லாம் கல் குத்திவிட்டு வருகிறவனுக்கு இங்கேயும் மணல் குத்த வேண்டுமா என்று கேட்டார். கடைசியில் மணலுக்குச் சம்மதித்தார். ஏழு நாளுக்கும் சம்மதித்தார். வராந்தாவின் இரண்டு பக்கமும் நானே கயிறு கட்டிவிட்டு வந்தேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் போனால், என் கயிற்றில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. வராந்தா நிறைய ஆட்கள் படுத்து எழுந்திருந்தார்கள். ஆட்கள் எழுந்துவிட்டார்கள், கோரைப்பாய்கள் எழவில்லை. முதலாளி ஒரு முனையையும் ரூம்பாய் ஒரு முனையையும் பிடித்து இழுத்தார்கள். பாதி பாய் அவர்களோடு வந்தது, பாதி என் தரையோடு நின்றது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், தன் பாயில் மிச்சமிருந்த பகுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு முதலாளியிடம் நிதானமாகச் சொன்னார்: "ராத்திரி முழுக்க மலையைச் சுத்தி நடந்தோம், எந்தச் சாமியும் எங்களப் புடிச்சு நிறுத்தல. உங்க வராந்தாதான் ஐயா போகாதேன்னு புடிச்சுக்கிச்சு."

இரண்டாவது டப்பா

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு டப்பாவாக வரும் பெயிண்ட் எங்கள் ஊருக்கும் வந்தது. ஒன்று பெயிண்ட், இன்னொன்று அதை இறுக வைக்கும் மருந்து. இரண்டையும் கலந்து, கலந்தது கெட்டியாவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் வண்டிச் சக்கரம் ஏறினாலும் அசையாது. அடுப்படி, பட்டறை, நெல் மண்டி மாதிரி எண்ணெயும் பாரமும் படுகிற தரைக்கு இதைத்தான் எடுக்க வேண்டும் என்று கண்டவரிடமெல்லாம் பிரச்சாரம் செய்தேன்.

அடி அண்ணாமலையில் டிபன் கடை வைத்திருந்தவர் என் பிரச்சாரத்தில் மயங்கினார். மயங்கியவர் என்னைக் கூப்பிடாமல் பெயிண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய், கடை அடுப்படிக்குத் தானே அடித்துவிட்டார். சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனவன், தரை எப்படி என்று பார்க்க நுழைந்தேன். என் செருப்பு நின்றுவிட்டது, நான் மட்டும் உள்ளே போனேன். இரண்டையும் சரியான அளவில் கலந்தீர்களா என்று கேட்டேன். அவர் பரணைக் காட்டினார். இரண்டாவது டப்பா மூடி திறக்காமல் இருந்தது. அது அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாராம்.

அதைக் கலக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் தரை காயாது, சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம் என்றேன். நான் கேட்டது ஏழு நாள், அவர் தரையோ ஆயுள் முழுக்கக் காயாத தரை. அவர் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "விடுங்கண்ணே, இருந்துட்டுப் போகட்டும். கடைக்கு வந்த எலி ஒண்ணு பாக்கியில்லாம ஒட்டிக்கிச்சு. அந்த இன்னொரு டப்பாவ வேணும்னா நீங்க எடுத்துனு போங்க."

கூட்டணி நிறம்

ஒரு கட்சியின் ஒன்றியப் பிரமுகர் தன் வீட்டு முன் ஹாலுக்குத் தரை அடிக்கச் சொன்னார். எந்தக் கட்சி, எந்த நிறம் என்று எழுதினால் அவர் யார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், விட்டுவிடுகிறேன். அவர் கேட்டது எதிர்க்கட்சிக் கொடியின் நிறம். வருகிறவன் போகிறவன் எல்லாரும் அதை மிதிக்க வேண்டும் என்பது ஆசை. தேர்தல் சமயம் என்பதால் வீடு கிட்டத்தட்ட காலியாக இருந்தது. ஆறாவது நாள் தொண்டர்கள் வந்து மிதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றாலும் அதற்குள் தரை நன்றாக இறுகிவிட்டது. என் கையில் அதுவரை அப்படியொரு தரை அமையவில்லை.

அடுத்த தேர்தலுக்கு அந்த இரண்டு கட்சிகளும் கூட்டணி. எதிர்க்கட்சியின் மாவட்டத் தலைவர், கூட்டணி தர்மப்படி இவர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகத் தகவல் வந்தது. என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஆசிட் விட்டேன், தின்னர் ஊற்றினேன், உளியால் கொத்தினேன். தரை கொஞ்சமும் அசரவில்லை. வாழ்நாளில் ஒரே முறை உருப்படியாகக் காய்ந்த தரை, அதுவும் குற்றமாகிவிட்டது. கடைசியில் ஜமுக்காளம் விரித்து மறைத்தோம். விருந்தாளி கை கழுவ எழுந்தபோது அதன் ஓரம் மடங்கிவிட்டது. தன் கொடி நிறத்தைத் தரையில் பார்த்தவர் கண் கலங்கி, நம்ம நிறத்தின் மேலேயே உட்கார்த்திச் சாப்பிட வைத்தாரே என்று பிரமுகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு, உளியோடு மூலையில் நின்றிருந்த என்னைப் பிரமுகர் பக்கத்தில் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் தோளில் கை போட்டுக்கொண்டு, "தரையத் தொடாத மேஸ்திரி. இப்போ அவுங்கள சந்தோஷப்படுத்த ஆச்சு. கூட்டணி உடைஞ்சா மிதிக்க ஆவும்" என்றார்.

படுத்தவனுக்குத் தெரியும்

தாலுகாவில் ஒரு காவல் நிலையம். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் என்னை வரச்சொன்னார் என்றதும், பழைய சுவரெழுத்துக் கேஸ் ஏதோ தலைதூக்கியிருக்கிறது என்று மாற்று வேட்டியோடு போனேன். லாக்கப் தரைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். எத்தனை முறை அடித்தாலும் பொரிந்து வந்துவிடுகிறது, உள்ளே இருப்பவர்களுக்கு ஈரத்தில் இருமல் பிடிக்கிறது, மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றார். ஊரில் வேறு பெயிண்டரே இல்லையா என்று கேட்டேன். அந்தத் தரையில் படுத்து எழுந்த பெயிண்டர் நான் ஒருவன்தான் என்று ஏட்டு சொன்னாராம்.

உண்மைதான். எந்த மூலையில் தண்ணீர் ஊறும், எந்த இடத்தில் முதுகு குத்தும் என்று எனக்கு மனப்பாடம். தரையில் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தை நாலு பக்கமும் ஒட்டிவைத்து மறுநாள் எடுத்தேன். அடியில் முத்து முத்தாக நீர். பின்பக்கக் குழாய் கசிந்து அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயைச் சரிசெய்து, தரையைக் காயவிட்டு, பொரிந்ததைச் சுரண்டி, ஆசிட் விட்டுக் கழுவி, திரும்பக் காயவிட்டு, இரண்டு டப்பாப் பெயிண்டில் சாம்பல் நிறம் இரண்டு கோட் அடித்தேன். பிறகு பயந்துகொண்டே ஏழு நாள் கேட்டேன். இன்ஸ்பெக்டர் லாக்கப்பைப் பூட்டிச் சாவியை ஏட்டிடம் கொடுத்தார். இத்தனை வருடம் கேட்ட ஏழு நாளை, நான் எதிர்த்து நின்ற ஆட்கள்தான் கொடுத்தார்கள்.

அந்த வாரம் பிடிபட்டவர்களைப் பக்கத்து நிலையத்துக்கு அனுப்பினார்கள். சந்தை நாளில் குடித்துவிட்டு வந்து விழுகிற ஒருவரை மட்டும் வெளி பெஞ்சில் படுக்கச் சொன்னார்கள். தரையை எட்டிப் பார்க்கப் போயிருந்த என் எதிரிலேயே அவர் ஏட்டிடம் நியாயம் கேட்டார்: "மூணு வருஷமா வரேன் சார். ஒரு நாளாவது என்ன வெளிய படுக்க வச்சிருக்கீங்களா? இப்போ புதுசா நான் இன்னா தப்பு பண்ணேன்?"

நாள் குறித்தல்

எங்கள் சங்கம் மில்லில் போனஸ் கேட்டு சாலை மறியல் அறிவித்தது. அறிவித்த நாள், என் கணக்கில் தரையின் ஆறாவது நாள். மறியல் என்றால் கைது; கைது என்றால் கல்யாண மண்டபம், அது கிடைக்காவிட்டால் அந்த நிலையம்தான். மில் வேலை போன பிறகும் சங்கத்தில் நான் துணைத் தலைவர்; கமிட்டிக் கூட்டத்தில் அந்த முறையில் எழுந்து, இரண்டு நாள் தள்ளிவைக்கலாம் என்றேன். போராட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று என் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. செயலாளர் மாணிக்கம் என்னோடு வேலைநிறுத்தத்தில் நின்றவர், லாக்கப்பில் பக்கத்தில் படுத்தவர். போலீஸ் உன்னிடம் சொல்லி அனுப்பியதா என்று கேட்டார். இல்லை, தரை காயவில்லை என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. லாக்கப்புக்கு நான் பெயிண்ட் அடித்ததே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அடக்குமுறையின் தரையை அழகுபடுத்துகிறாயா என்றார் ஒருவர். நம் ஆட்கள்தானே அதில் படுக்கிறோம், ஈரத்தில் ஏன் படுக்க வேண்டும் என்று கேட்டேன். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கை மட்டும் நின்றது. மாணிக்கம் எழுந்து கூட்டத்தை முடிக்கும்போது சொன்னார்: "முகூர்த்தம் பார்க்கிறவனையெல்லாம் மேடையில கிழிச்ச ஆளு நீ. கடைசில பெயிண்டுக்கு நாள் பார்க்கச் சொல்றியே தோழர்."

கதவு மறியல்

தோற்றவன் வீட்டில் உட்காரவில்லை. நானும் சாலையில் போய் உட்கார்ந்தேன், முழக்கமும் நானே எழுதிக் கொடுத்தேன். வழக்கமாகக் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவார்கள். அன்றைக்கு முகூர்த்த நாள். எல்லா மண்டபத்திலும் மேளம். வேன் நேராக நிலையத்துக்குப் போனது. இறங்கியதும் தோழர்கள், எங்களை உள்ளே அடை என்று முழங்கினார்கள். ஏட்டு சாவியை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் போய் லாக்கப் கதவின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

வாழ்நாள் முழுக்கப் போலீசுக்கு எதிரில் நின்றவன், அன்றைக்குத் தோழர்களுக்கு எதிரில் நின்றேன். நாளை மறுநாள் வாருங்கள், நானே முதலில் உள்ளே போகிறேன் என்று கெஞ்சினேன். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் பின்கட்டில் புங்கமர நிழலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டார். கம்பிக்குப் பின்னால் படம் எடுக்கலாம் என்று வந்த பத்திரிகைக்காரரும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தரைக்கு ஏழு நாள் கிடைத்தது. வெளியே வந்ததும் மாணிக்கம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தடியால அவுங்க பண்ண முடியாதத, பிரஷ்ஷால நீ பண்ணிட்ட."

சாம்பல் நிறத் தரை

துணைத் தலைவர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கித் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான்; சங்கத்தில் பிழையில்லாமல் எழுதக்கூடியவர் வேறு யாரும் இல்லை. வாசித்து முடித்ததும் வாசகம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு கூட்டத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்காருவேன். மாணிக்கம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தரைக்காக ஒரு தோழனை இழந்தேனே என்று நான் வருந்தவில்லை என்று எழுதினால் அது பொய்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் இன்னொரு மறியல். சாதாரண உறுப்பினராகப் போனேன். இந்த முறை மண்டபமும் இல்லை, மரத்தடியும் சேறு. லாக்கப்பைத் திறந்தார்கள். ஏட்டு, எல்லாரையும் காலைத் துடைத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் உள்ளே போய் முதலில் அந்த ஊறுகிற மூலையைத் தடவிப் பார்த்தேன். ஒரு பொரிவு இல்லை. மாணிக்கத்துக்கு லாக்கப் என்றாலே மறுநாள் நெஞ்சு கட்டிக்கொண்டு இருமல் வரும்; அதனால் எப்போதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்து மெல்லப் படுத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்: "ஈரமே ஏறல தோழர். நம்ம சங்க ஆபீசுக்கும் இதே மாதிரி அடிச்சுக் குடு. ஆனா ஏழு நாளெல்லாம் கேக்காத, ஞாயித்துக்கெழம கமிட்டி கீது."

இந்த ஊரில் ஒரு தரை ஏழு நாள் முழுசாகக் காய வேண்டுமானால் அதற்குக் கம்பிக் கதவும் பூட்டும் பாராவும் வேண்டும் என்பதே என் போராட்ட வாழ்க்கையில் நான் கண்டறிந்த ஒரே உண்மை.